கேபிள் பிராட்பேண்டில் அப்லோடு திறனைக் கூட்டுவது எப்படி?

கோஆக்சியல் கேபிளில் இணையம் தரும் நெட்வொர்க்குகளில் டவுன்லோடுக்கு இடம் தாராளமாக இருக்கும். முதலில் மூச்சுத் திணறுவது அப்லோடுதான். வட அமெரிக்காவின் பழைய பங்கீட்டில் 5 முதல் 42 மெகாஹெர்ட்ஸ் வரைதான் வீட்டிலிருந்து ஹெட்எண்டுக்கு (கேபிள் நிறுவனத்தின் தலைமை நிலையத்துக்கு) சிக்னல் திரும்பும் பாதை. கேபிள் இணையத் தரநிலையான டாக்சிஸின் ஐரோப்பிய வடிவம், அதாவது யூரோ டாக்சிஸ் பங்கீட்டில் அது 5 முதல் 65 வரை. அந்தச் சிறிய இடத்தில்தான் அத்தனை வீடுகளின் வீடியோ காலும் சிசிடிவி பதிவும் ஹெட்எண்டுக்குப் போய்ச் சேர வேண்டும். டவுன்லோடுகூட அப்லோடை நம்பியே ஓடுகிறது. வந்து சேர்ந்த ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் 'கிடைத்தது' என்ற பதில் திரும்பிப் போகாவிட்டால் டவுன்லோடும் நின்று நின்றுதான் வரும். 'ஸ்பீடு வரவில்லை' என்று வாடிக்கையாளர் சொல்லும்போது கோளாறு பல நேரம் ரிட்டர்ன் எனப்படும் இந்தத் திரும்பும் பாதையில் இருப்பது இதனால்தான்.

திறனைக் கூட்ட நான்கு வழிகள் உண்டு. இருக்கும் சேனலில் மாடுலேஷனை (ஒரே நேரத்தில் ஏற்றும் பிட்களின் அளவை) உயர்த்துவது, சேனல்களின் எண்ணிக்கையைக் கூட்டுவது, நோடை (ஹெட்எண்டிலிருந்து வரும் ஃபைபர் தெருக் கோஆக்சியல் கேபிளோடு சேரும் பெட்டியை) பிரிப்பது, அப்லோடு பட்டையையே 85 அல்லது 204 மெகாஹெர்ட்ஸ் வரை விரிப்பது. இரைச்சலைத் துடைக்காமல் இவற்றில் எதைத் தொட்டாலும் போட்ட பணத்துக்குப் பாதிப் பலன்தான் கிடைக்கும்.

முதலில் கணக்கு

ஒரு சர்வீஸ் குரூப்புக்கு (ஒரே சேனல்களைப் பகிரும் வீடுகளின் குழுவுக்கு) எவ்வளவு திறன் வேண்டும் என்பதை உத்தேசமாகச் சொல்லக் கூடாது. இத்துறையில் பரவலாகப் புழங்கும் எளிய சூத்திரம் ஒன்று இருக்கிறது: இணைப்புகளின் எண்ணிக்கையை உச்ச நேரத்தில் ஓர் இணைப்பு பயன்படுத்தும் சராசரி வேகத்தால் பெருக்குங்கள். நீங்கள் விற்கும் மிக வேகமான பிளானின் 1.2 மடங்கை அதோடு கூட்டுங்கள்.

250 இணைப்புகள், உச்ச நேரத்தில் தலைக்கு 0.2 எம்பிபிஎஸ், மிக வேகமான அப்லோடு பிளான் 40 எம்பிபிஎஸ் என்று வைத்துக்கொள்வோம். 250 × 0.2 = 50. 40 × 1.2 = 48. மொத்தம் 98 எம்பிபிஎஸ் வேண்டும். இப்போது நோடை இரண்டாகப் பிரித்தால், ஒவ்வொரு பாதியிலும் கணக்கின் முதல் பகுதி 25 ஆகக் குறையும். கணக்கின் இரண்டாம் பகுதி 48 அப்படியே நிற்கும். ஆக 73. நோடைப் பிரித்தால் தேவை பாதியாகிவிடும் என்று நினைப்பவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது. அதே நோடில் 100 எம்பிபிஎஸ் அப்லோடு பிளான் விற்றால் அதற்கு மட்டுமே 120 வேண்டும். எத்தனை முறை நோடைப் பிரித்தாலும் அந்த 120 குறையாது. அங்கே தேவைப்படுவது அகலமான பட்டை. கூட்டம் அதிகம் என்றால் நோடைப் பிரியுங்கள், பிளான் வேகம் அதிகம் என்றால் பட்டையை விரியுங்கள்.

சராசரியை சிஎம்டிஎஸ் (ஹெட்எண்டில் மோடம்களோடு பேசும் கருவி) கவுண்டர்களிலிருந்து எடுங்கள். நாள் முழுவதுக்குமான சராசரி உதவாது. இரவு 7 முதல் 11 வரையிலான 15 நிமிடப் பதிவுகள் வேண்டும். அந்த நேரத்தில் போர்ட்டின் பயன்பாடு 70 சதவீதத்தைத் தொட்டுவிட்டால் வேலையைத் திட்டமிடத் தொடங்கிவிடுங்கள். சாமான் வாங்கி, ஆளைத் திரட்டி முடிப்பதற்குள் மீதியும் நிரம்பிவிடும்.

கையில் இருக்கும் சேனலைப் பிழிந்தெடுப்பது

6.4 மெகாஹெர்ட்ஸ் அகலச் சேனலில் 64-குவாம் என்ற மாடுலேஷன் ஓடினால் மொத்த வேகம் 30.72 எம்பிபிஎஸ். பிழைதிருத்தத்துக்கும் பாக்கெட் தலைப்புகளுக்கும் போக ஏறத்தாழ 27 கைக்கு வரும். 3.2 மெகாஹெர்ட்ஸ் அகலத்தில் 16-குவாம் ஓடினால் மொத்தமே 10.24தான். பல ஊர்களில் பழைய கான்ஃபிகரேஷன் யாரும் தொடாமல் 3.2 / 16-குவாமிலேயே கிடக்கும். ஒரு சாமானும் வாங்காமல் மூன்று மடங்கு திறன் கிடைக்கக்கூடிய இடம் அது.

இதற்கு மோடம்கள் டாக்சிஸ் 2.0 அல்லது அதற்குப் பிந்தியவையாக இருக்க வேண்டும். 1.0, 1.1 மோடம்களால் 6.4 அகலத்தைப் பயன்படுத்த முடியாது. அவற்றுக்காகச் சேனலைக் கலப்பு முறையில் வைத்தால் எல்லாருக்கும் 3.2தான். சிஎம்டிஎஸ்ஸில் மோடம் பட்டியலை எடுத்து, மிச்சமிருக்கும் பழையவற்றை இலவசமாகவாவது மாற்றிக் கொடுத்துவிடுங்கள். ஐந்தாறு பழைய மோடம்களுக்காக ஒரு நோடு முழுவதையும் கட்டிப்போடுவது பெரிய நஷ்டம்.

5–65 பங்கீட்டில் நான்கு சேனல்களை 33.2, 39.6, 46.0, 52.4 மெகாஹெர்ட்ஸ் மையங்களில் வைக்கலாம். 30 முதல் 55.6 வரை இடைவெளியில்லாமல் அமையும். மொத்தம் ஏறத்தாழ 108 எம்பிபிஎஸ். ஐந்தாவதற்கு 58.8. 20 மெகாஹெர்ட்ஸுக்குக் கீழே மோட்டார், மின்கம்பி, பவர் சப்ளை இரைச்சல்களின் ராஜ்ஜியம். 27 மெகாஹெர்ட்ஸில் சிபி ரேடியோ. பட்டையின் மேல்முனையில் வேறொரு தொல்லை: அப்லோடு, டவுன்லோடு பட்டைகளைப் பிரிக்கும் டைப்ளெக்ஸ் ஃபில்டரின் ஓரத்தில் ஒரே சேனலின் பகுதிகள் வெவ்வேறு தாமதத்தில் போய்ச் சேரும். வழியில் வரிசையாக நிற்கும் ஒவ்வோர் ஆம்பும் (சிக்னலைப் பெருக்கும் ஆம்ப்ளிஃபையரும்) அந்தத் தாமதத்தைக் கூட்டிக்கொண்டே போகும். மோடமின் ப்ரீ-ஈக்வலைசேஷனை (அனுப்பும் முன்பே சிக்னலைத் திருத்தும் வசதியை) இயக்கி வைத்தால் பெருமளவு சரியாகும். அதை அணைத்து வைத்துவிட்டு 64-குவாம் நிற்கவில்லை என்று கேபிளைத் தோண்ட வேண்டாம்.

இரைச்சல்: உண்மையான வேலை இங்கேதான்

டவுன்லோடில் ஒரு வீட்டுக் கோளாறு அந்த வீட்டோடு போகும். அப்லோடில் அப்படியில்லை. ஊரின் சாக்கடைகள் எல்லாம் ஒரே வாய்க்காலில் வந்து விழுவதுபோல நோடில் உள்ள எல்லா வீடுகளின் இரைச்சலும் சிஎம்டிஎஸ்ஸின் ஒரே போர்ட்டில் கூடும். நான்கு நோடுகளின் ரிட்டர்னை ஹெட்எண்டில் ஒன்றாகச் சேர்த்திருந்தால், சம அளவு இரைச்சலுள்ள நோடுகளாக இருந்தாலே 6 டிபி (டெசிபல்) இழப்பு. உதிரி போர்ட் இருந்தால் அந்தக் கம்பைனரை முதலில் கழற்றுங்கள். தெருவில் இறங்காமலே கிடைக்கும் முதல் லாபம் அது.

அடுத்து, ஹெட்எண்டில் உள்ள ரிட்டர்ன் ரிசீவரின் டெஸ்ட் பாயிண்டில் ஸ்பெக்ட்ரம் அனலைசரை மாட்டி 24 மணி நேரம் உச்சத்தைப் பிடித்து வைக்கச் சொல்லுங்கள். வடிவத்தைப் பார்த்தே பாதி நோய் தெரியும். ஒல்லியான ஊசிபோல ஒரே இடத்தில் நின்றால் வெளியிலிருந்து புகும் ரேடியோ. கீழ்ப்பக்கம் உயர்ந்து மேலே போகப் போகச் சரிந்து, விட்டுவிட்டு வந்தால் மின்சார இரைச்சல். அது வரும் நேரத்தைக் குறித்துக்கொண்டால் எந்த மோட்டார், எந்தக் கடை என்பதுவரை போகலாம். டவுன்லோடு சேனல் அகலத்தின் இடைவெளியில், அதாவது 8 மெகாஹெர்ட்ஸ் சேனலென்றால் 8 மெகாஹெர்ட்ஸுக்கு ஒரு மேடாக அலையலையாகத் தெரிந்தால், எங்கோ ஓர் இணைப்பு அரித்துப்போய் டயோடுபோல வேலை செய்கிறது. பெரும்பாலும் டேப்பிலோ (வீடுகளுக்குக் கிளை பிரிக்கும் பெட்டியிலோ) ஆம்பிலோ நடுக்கம்பியை இறுக்கும் திருகில் துரு இருக்கும். அந்தப் பெட்டியை லேசாகத் தட்டினாலே மேடு மறைந்துவிடும். மறைந்ததும் சரியாகிவிட்டது என்று இறங்கி வந்துவிடாதீர்கள். இரண்டு நாளில் திரும்ப வரும். இணைப்பைப் பிரித்து, சுத்தமான கம்பியில் புதிதாகப் போட வேண்டும்.

தேடும் முறை எளிது, பொறுமைதான் வேண்டும். நோடின் நான்கு போர்ட்களில் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று டெஸ்ட் பாயிண்டில் பாருங்கள். பல நோடுகளில் ஒவ்வொரு பக்கத்துக்கும் 6 டிபி குறைக்கும் ஸ்விட்ச் இருக்கும். போட்டதும் எந்தப் பக்கத்தில் இரைச்சல் 6 டிபி இறங்குகிறதோ அந்தப் பக்கம். பிறகு ஆம்ப் ஆம்பாக, அங்கிருந்து டேப் டேப்பாக, கடைசியில் டேப்பிலிருந்து வீட்டுக்குப் போகும் டிராப் கேபிள். ரிட்டர்ன் பேடை (சிக்னல் அளவைக் குறைக்கும் செருகலை) பிடுங்கிப் பிடுங்கிப் பார்க்கும் பழக்கத்தை விடுங்கள். ஒவ்வொரு பிடுங்கலிலும் அந்தப் பக்கத்து மோடம்கள் எல்லாம் துண்டிக்கப்படும்.

பெரும்பாலும் போய்ச் சேருவது ஒரு வீட்டிலோ டிராப்பிலோதான். அங்கே பார்க்க வேண்டிய சிறிய பொருள் எஃப் கனெக்டர். ஆர்ஜி-6 கேபிளின் நுனியில் நடுக்கம்பி 6 மி.மீ. வெளியே தெரிய வேண்டும். அடுத்த 6 மி.மீ.க்கு மேலுறையை மட்டும் உரித்து, அதனடியில் உள்ள உலோகப் பின்னலை உறையின் மேல் பின்னோக்கி மடக்க வேண்டும். பின்னலின் ஒரே ஒரு இழை நடுக்கம்பியைத் தொட்டாலும் சிக்னல் கெட்டது. கனெக்டருக்குள் தள்ளும்போது நடுக்கம்பியைச் சுற்றியுள்ள வெள்ளை டைஎலக்ட்ரிக் உள் குழாயின் விளிம்போடு சமமாக நிற்க வேண்டும். உள்ளே பதுங்கியிருந்தால் பின்னல் சரியாகப் பிடிக்கவில்லை என்று அர்த்தம். கம்ப்ரஷன் கருவியால் அழுத்துங்கள். பிளையரால் நசுக்கிய கிரிம்ப் கனெக்டரும், திருகிப் போடும் கனெக்டரும் ரிட்டர்ன் உள்ள நெட்வொர்க்கில் இருக்கவே கூடாது. வெளியில் உள்ள இணைப்பைக் கையால் திருகி விட்டுவிடாமல் 30 அங்குல-பவுண்டு டார்க் ரெஞ்சால் இறுக்குங்கள். விரலால் மட்டும் இறுக்கிய கனெக்டர் வெயிலிலும் குளிரிலும் விரிந்து சுருங்கித் தளர்ந்து, ஆன்டெனாவாகிவிடும். காலியான டேப் போர்ட்களுக்கு 75 ஓம் டெர்மினேட்டர் போடுங்கள். இணையம் வாங்காமல் டிவி மட்டும் பார்க்கும் வீட்டுக்கு டேப்பிலேயே ஹை-பாஸ் ஃபில்டர் மாட்டிவிட்டால் அந்த வீட்டு இரைச்சல் வெளியே வராது.

முடிந்ததா என்பதை எம்இஆர் (சிக்னல் எவ்வளவு தெளிவாக வருகிறது என்ற அளவு) எண்ணை மட்டும் வைத்து முடிவு செய்யக் கூடாது. அது சராசரி, நொடியில் வந்து போகும் இரைச்சல் அதில் தெரியாது. 64-குவாமுக்கு 30 டிபிக்கு மேல் எம்இஆர் வேண்டும், அதோடு திருத்த முடியாத கோட்வேர்டுகளின் (தரவுத் துண்டுகளின்) எண்ணிக்கையும் ஏறாமல் இருக்க வேண்டும். எம்இஆர் 33 என்று அழகாகக் காட்டியபடியே திருத்த முடியாதவை ஏறிக்கொண்டிருந்தால் மின்சார இரைச்சலைத் தேடுங்கள்.

லெவல்: சேனலைக் கூட்டும்போது கவிழும் இடம்

டவுன்லோடில் ஒவ்வொரு ஆம்பின் வெளியீட்டையும் ஒரே அளவில் வைப்போம். ரிட்டர்னில் ஒவ்வொரு ஆம்பின் உள்ளீடும் ஒரே அளவாக இருக்க வேண்டும். டவுன்லோடு பழக்கத்தில் ரிட்டர்னையும் வெளியீட்டை வைத்துச் சரிசெய்வது பரவலான தவறு. நோடில் தொடங்கி வெளிப்பக்கமாகப் போங்கள். ஒவ்வொரு ஆம்பின் ரிட்டர்ன் உள்ளீட்டிலும் ஒரே அளவு சோதனை சிக்னலை, உதாரணமாக 17 டிபிஎம்வி (சிக்னல் அளவின் அலகு), செலுத்துங்கள். ஹெட்எண்டில் ஒவ்வொரு முறையும் அதே எண் வரும்வரை ரிட்டர்ன் வெளியீட்டுப் பேடையும் ஈக்வலைசரையும் (பட்டை முழுவதும் அளவைச் சமன்செய்யும் செருகலையும்) மாற்றுங்கள்.

மோடம் எவ்வளவு சத்தமாகப் பேச வேண்டியிருக்கிறது என்று பாருங்கள். ஆம்புக்கு மிக அருகில் 29 டிபி டேப்பில் உள்ள வீடு: டேப் 29, டிராப் 2, வீட்டு ஸ்பிளிட்டர் 4. மொத்தம் 35 டிபி இழப்பு. ஆம்புக்கு 17 போய்ச் சேர மோடம் 52 டிபிஎம்வி அனுப்ப வேண்டும். லைன் கடைசியில் 11 டிபி டேப்பில் உள்ள வீடு: டேப் 11, வழியில் கேபிளும் மற்ற டேப்களும் 5, டிராப் 2, ஸ்பிளிட்டர் 4. மொத்தம் 22, மோடம் 39 அனுப்பினால் போதும்.

இதில் இரண்டு பாடங்கள் இருக்கின்றன. கடைசி வீட்டின் இரைச்சல் முதல் வீட்டினதைவிட 13 டிபி குறைவான இழப்போடு ஆம்புக்குள் நுழைகிறது. ஆகவே இரைச்சல் தேடும்போது லைனின் வால்பகுதியை முதலில் பாருங்கள். இரண்டாவது இன்னும் முக்கியம். டாக்சிஸ் 3.0 மோடம் 64-குவாமில் ஒரே சேனலில் 57 டிபிஎம்வி வரை அனுப்பலாம். இரண்டு சேனலென்றால் ஒவ்வொன்றிலும் 54, மூன்று நான்கு என்றால் 51தான் உச்சம். ஒரே சேனலில் 52-இல் நிம்மதியாக ஓடிக்கொண்டிருந்த முதல் வீடு, நான்கு சேனல்களை ஒன்றாகச் சேர்க்கும் பாண்டிங் போட்ட அன்று எட்ட முடியாமல் பாதி சேவைக்கு இறங்கிவிடும். ஆம்புக்கு அருகில் உள்ள வீட்டுக்குப் பிரச்சினை வராது என்று எல்லாரும் நினைப்பதால் இது வெகுநாள் பிடிபடாது. பாண்டிங்கை இயக்கும் முன் 48-க்கு மேல் அனுப்பும் மோடம்களைப் பட்டியலிடுங்கள். வீட்டில் நான்கு வழி ஸ்பிளிட்டரின் பின்னால் இருந்தால் நுழைவிலேயே இரண்டு வழி ஸ்பிளிட்டர் போட்டு மோடமுக்குத் தனிக் கால் கொடுங்கள். வால்பகுதியில் மிகக் குறைவாக அனுப்பும் வீடுகளுக்கு ரிட்டர்னை மட்டும் அடக்கும் செருகல் உள்ள டேப்கள் கிடைக்கின்றன. எல்லா மோடமும் 40-க்கும் 48-க்கும் இடையில் வந்தால் நல்ல நெட்வொர்க்.

லேசருக்கும் இதே எச்சரிக்கை. ஒரு சேனல் நான்கானால் நோடின் ரிட்டர்ன் லேசருக்குள் போகும் மொத்த சக்தி 6 டிபி ஏறும். அதைக் கணக்கில் எடுக்காவிட்டால் லேசர் கிளிப் ஆகும், அதாவது சிக்னலின் உச்சி வெட்டுப்படும். அடையாளம்: ஹெட்எண்ட் ரிசீவரில் 65 மெகாஹெர்ட்ஸுக்கு மேலே, எதுவும் இருக்கக் கூடாத இடத்தில் இரைச்சலின் அடிமட்டம் உயர்ந்திருக்கும். லேசருக்கு முன்னால் உள்ள பேடைக் கூட்டுங்கள். பழைய ஃபாப்ரி-பெரோ லேசரென்றால் அதன் சொந்த இரைச்சலே அதிகம் என்பதால், குறைத்தால் எம்இஆர் விழும், கூட்டினால் கிளிப் ஆகும். இந்த நெருக்கடியில் டிஎஃப்பி லேசருக்கு மாறுவதே தீர்வு.

நோடைப் பிரிப்பது

புது நோடு வைக்கும் முன் இருக்கும் நோடைத் திறந்து பாருங்கள். நான்கு ஆர்எஃப் கால்களும் (கோஆக்சியல் கிளைகளும்) தனித்தனியாகப் பிரிக்கக்கூடிய நோடாக இருந்தால், இரண்டாவது ரிட்டர்ன் டிரான்ஸ்மிட்டரும் உள்ளே மாற்ற வேண்டிய ஜம்பர் அல்லது பலகையும் போதும். டவுன்லோடைத் தொடாமல் ரிட்டர்னை மட்டும் பிரிக்கலாம். உதிரி ஃபைபர் இல்லையென்றால் சிடபிள்யூடிஎம் ஃபில்டர் போட்டு, 1471 முதல் 1611 நானோமீட்டர் வரை 20 நானோமீட்டர் இடைவெளியில் எட்டு அலைநீளங்களை ஒரே இழையில் அனுப்பலாம்.

கால்களைத் தெருவை வைத்துப் பிரிக்காமல் இணைப்பை வைத்துப் பிரியுங்கள். நான்கு கால்களில் 180, 60, 40, 20 இணைப்புகள் இருந்தால் 180 தனியாக, மற்ற மூன்றும் 120-ஆக ஒன்றாக. பச்சை நிற ஏபிசி ஃபைபர் கனெக்டரை நீல நிற யூபிசியோடு மாட்டிவிட வேண்டாம். பிரதிபலிப்பு மட்டுமல்ல, முனையே கெட்டுப்போகும். சிஎம்டிஎஸ்ஸில் புது போர்ட்டைப் புது சர்வீஸ் குரூப்பில் சேர்த்ததும், எந்த மோடம் எந்தப் போர்ட்டில் வருகிறது என்று முகவரிப் பட்டியலோடு ஒப்பிடுங்கள். ஹெட்எண்டில் இரண்டு பேட்ச் கேபிள் இடம் மாறினாலும் மோடம்கள் ஆன்லைன் காட்டும், ஆனால் பாண்டிங் பாதியில் நிற்கும்.

பட்டையை 85 வரை விரிப்பது

இதற்கு நோடிலும் ஒவ்வோர் ஆம்பிலும் டைப்ளெக்ஸ் ஃபில்டர்களை 85/108-க்கு (அப்லோடு 85 வரை, டவுன்லோடு 108 முதல்) மாற்ற வேண்டும். ரிட்டர்ன் ஆம்ப்ளிஃபையர், ஈக்வலைசர், லேசர் மூன்றும் 85 வரை தாங்குபவையா என்பதையும் பார்க்க வேண்டும். ஓர் ஆம்பில் ஒரு போர்ட்டின் ஃபில்டரை மாற்றி இன்னொன்றை மறந்தால், இரண்டு திசைகளும் ஒன்றோடொன்று கலந்து ஆம்ப் தானாகவே அலறத் தொடங்கும். கழற்றிய பழைய ஃபில்டர்களை எண்ணிப் பார்ப்பது இதற்கு நல்ல காவல்.

எல்லா ஆம்பையும் ஒரே இரவில் மாற்றியாக வேண்டும் என்ற பயம் வேண்டாம். முதலில் 108 மெகாஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள டவுன்லோடு, டிவி சேனல்களை ஹெட்எண்டில் மேலே நகர்த்திக் காலி செய்யுங்கள். அந்த இடத்தில் எதுவும் ஓடாதபோது ஆம்ப்களை ஒரு வாரம் எடுத்துக்கொண்டுகூட மாற்றலாம். கடைசி ஆம்பும் முடிந்த பிறகே புது அப்லோடு சேனலை இயக்குங்கள். இருவழித் தொடர்புள்ள பழைய செட்டாப் பாக்ஸ்கள் 70–130 மெகாஹெர்ட்ஸ் பகுதியில் கட்டுப்பாட்டு சிக்னல் வாங்குபவையாக இருந்தால் அந்த அலைவரிசையையும் 108-க்கு மேலே மாற்றியிருக்க வேண்டும்.

புது இடத்தில் டாக்சிஸ் 3.1-இன் ஓஎஃப்டிஎம்ஏ போடுவது நல்லது. சிறு சிறு துணை அலைகளாகப் பிரித்து அனுப்புவதால், ரேடியோ ஊசி நிற்கும் இடத்தை மட்டும் ஒதுக்கிவிட்டு மீதியை முழுதாகப் பயன்படுத்தலாம். தரநிலைப்படி இதில் 256-குவாமுக்கு 29 டிபி, 1024-குவாமுக்கு 35.5 டிபி சிக்னல்-இரைச்சல் விகிதம் வேண்டும்; பிழைதிருத்தம் வலுவானது என்பதால் பழைய சேனல்களைவிட இதற்குக் குறைவே போதும். வீட்டு மோடம் 85 வரை அனுப்பக்கூடியதா என்று மாடல் வாரியாகச் சரிபாருங்கள், பல 3.0 மோடம்களின் ஃபில்டர் 42 அல்லது 65-இல் நிலையாகக் கட்டப்பட்டது. வீட்டுக்குள் யாரோ மாட்டிய சிறிய பூஸ்டர் ஆம்புக்குள்ளும் பழைய ஃபில்டர் இருக்கும். அதைக் கழற்றாமல் அந்த வீட்டில் புது சேனல் வேலை செய்யாது.

இயக்கியபின் வரும் புகார்களில் ஒன்று மட்டும் விசித்திரமாக இருக்கும்: இணையம் வாங்காத பக்கத்து வீட்டில் டிவி படம் கட்டம் கட்டமாக உடையும். கணக்குப் போட்டால் புரியும். மோடம் 48 டிபிஎம்வியில் பேசுகிறது. சொந்த வீட்டு ஸ்பிளிட்டர் 4, டிராப் 2, டேப்பின் இரண்டு போர்ட்களுக்கு இடையிலான தடுப்பு 25, பக்கத்து வீட்டு டிராப் 2, ஸ்பிளிட்டர் 4. மொத்தம் 37 போக, 11 டிபிஎம்வி அந்த செட்டாப் பாக்ஸின் வாயில் வந்து நிற்கிறது. அதற்கு வரும் டிவி சிக்னலே 0 முதல் 5-க்குள்தான். 65 வரை தடுக்கும் பழைய உள்ஃபில்டர் 70, 80 மெகாஹெர்ட்ஸில் வரும் இதைத் தடுக்காது, டியூனர் திணறிவிடும். அந்த செட்டாப் பாக்ஸின் உள்ளீட்டில் 108-க்குக் கீழே தடுக்கும் ஹை-பாஸ் ஃபில்டர் ஒன்றைத் திருகுங்கள். பிறகு இந்த வீட்டு மோடமில் பெரிய ஃபைல் ஒன்றை அப்லோடு செய்யவிட்டு, அந்த வீட்டு டிவியைப் பத்து நிமிடம் நின்று பாருங்கள்.